காராபுரி: கடலடியில் ஒளி வந்த தீவு

மும்பை மாநகரம் ஏழு தீவுகளை இணைத்து உருவானது என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் மாட்டுங்காவும் தாராவியும் ஒரு காலத்தில் கடலையும் சதுப்பையும் அடுத்த சிற்றூர்களே. தாராவியிலுள்ள மீனவர் குடியிருப்பான கோலிவாடா அப்பழமைக்கு இன்றும் சான்றாக விளங்குகிறது. நகரம் கடலைத் தூர்த்து வளர்ந்தபோது, எதனோடும் இணையாமல் துறைமுகத்தின் நடுவே தனித்து நின்றுவிட்ட தீவு ஒன்று உண்டு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அத்தீவே காராபுரி. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டும் எலிபெண்டா குகைகள் இங்குதான் உள்ளன. குகைகளைக் கண்டு வந்தோர் பலர். குன்றின் அடியில் ஓர் ஊரும் வாழ்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

பெயரும் பழமையும்

தீவின் கரையில் நின்றிருந்த பெரிய கல்யானையைக் கண்ட போர்ச்சுக்கீசியர் இதற்கு எலிபெண்டா எனப் பெயரிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் அவ்யானையை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்ல முயன்றபோது அது விழுந்து உடைந்தது. மீண்டும் ஒட்டவைக்கப்பட்டு, பைகுல்லாவில் ஜிஜாமாதா தோட்டத்தை அடுத்துள்ள அருங்காட்சியக வளாகத்தில் அது இன்று நிற்கிறது.

மேற்குக் குன்றில் சைவக் குடைவரைகள் 5. கிழக்குக் குன்றில் பௌத்தம் சார்ந்தவை 2. பெருங்குகை கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மும்முகச் சதாசிவர் திருவுருவம் 5 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. கங்காதரர், அர்த்தநாரீசுவரர், கல்யாணசுந்தரர், ஆடவல்லான் ஆகிய வடிவங்களும் அங்குண்டு. திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கங்காதரரைக் கண்டவர்கள், அதற்கும் சற்று முற்பட்ட காலத்தில் கொங்கணக் கடலில் அதே காட்சியைச் செதுக்கிய கைகளை எண்ணி வியப்பர். 1987-இல் யுனெஸ்கோ இக்குகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்று துறைகள்

ராஜ்பந்தர், ஷேத்பந்தர், மோராபந்தர் என்னும் மூன்று குடியிருப்புகள் சேர்ந்ததே காராபுரி கிராமம். மூன்றின் பெயரிலும் உள்ள 'பந்தர்' என்னும் சொல் படகுத்துறையைக் குறிக்கும். மக்கள்தொகை சுமார் 1,200. மும்பையின் கண்ணெதிரே இருந்தாலும் ஆட்சி எல்லையால் இவ்வூர் ராய்கட் மாவட்டம் உரண் வட்டத்தைச் சேர்ந்தது. தனி ஊராட்சியும் உண்டு. நெல் விளைவித்தல், மீன்பிடித்தல், படகு பழுதுபார்த்தல் ஆகியவை பழைய தொழில்கள். இன்றோ சுற்றுலாவே முதன்மைத் தொழில். படகுத்துறையிலிருந்து குகைவரை ஏறும் படிகளின் இருமருங்கிலும் கடை வைத்திருப்போரில் இவ்வூர்க் குடும்பத்தினர் பலர்.

ஒளி வந்த நாள்

தீவின் கிழக்கே எதிர்க்கரையில் நவசேவா துறைமுகம் 1989 முதல் இயங்கி வருகிறது. அதன் விளக்குகள் இரவெல்லாம் எரியும். வடமேற்கே டிராம்பேயின் ஆலைகள், மேற்கே மும்பை. இத்தனை வெளிச்சத்தின் நடுவே காராபுரி மட்டும் இருளில் இருந்தது. டீசல் மின்னாக்கி மாலையில் ஏறத்தாழ 3 மணி நேரம் ஒளி தரும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான்.

நாடு விடுதலை பெற்று 70 ஆண்டுகள் கடந்த பின், 2018 பிப்ரவரி 22 அன்று இந்நிலை மாறியது. மகாராஷ்டிர மாநில மின்விநியோக நிறுவனம் சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவில் 7.5 கி.மீ. நீளத்திற்குக் கடலடியில் கம்பிவடம் பதித்து மின்சாரத்தைக் கொண்டு சேர்த்தது. சுமார் 1,200 பேருக்கு 25 கோடி என்றால், தலைக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேல் ஆகிறது. இச்செலவு தகுமா என்று கேட்போர் இருக்கலாம். கணக்கு கற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மின்சாரம் இல்லாத ஊரில் பிடித்த மீனை வைத்து விற்க வழியில்லை, வந்த விலைக்கே தள்ள வேண்டும். கடைக்காரர் குளிர்பானத்திற்கான பனிக்கட்டியைக்கூடப் படகில் வரவழைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கும் நேரத்தையும் டீசலே முடிவு செய்யும். இவ்விழப்புகள் எந்த ஏட்டிலும் பற்று வைக்கப்படுவதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்தக் குடும்பங்களே அவற்றைச் செலுத்தி வந்தன.

வருவாயும் பருவமும்

ஒளி வந்ததால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. மேற்படிப்புக்கும் பெரிய மருத்துவத்திற்கும் இன்றும் படகேற வேண்டும். பாரம்பரியச் சின்னம் வருவாய் தருவது போலவே கட்டுப்பாட்டையும் தருகிறது. தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். குடும்பம் பெருகினாலும் வீடு எளிதில் பெருகாது.

மற்றொன்று பருவம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதே மாதங்களில் கடல் கொந்தளிப்பால் சுற்றுலாப் படகுகளும் குறையும். ஆக, இரு வருவாயும் ஒரே காலத்தில் வற்றும். இத்தகைய ஊர்க் கடனாளிக்கு மாதந்தோறும் ஒரே தவணை என்று விதித்தால், மழைக்காலத்தில் அவர் வட்டிக்காரரை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. வருவாய் வரும் மாதங்களில் கூடுதலாகவும், வற்றும் மாதங்களில் குறைவாகவும் தவணை அமைவதே முறை. உழவருக்கான கிசான் கடன் அட்டைத் திட்டம் 2018-19 நிதிநிலை அறிக்கையின் வாயிலாக மீனவருக்கும் விரிவாக்கப்பட்டது. அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் வழக்கம் கடலுக்கும் பொருந்தும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. செம்பூரில் பள்ளி திறக்கும் காலத்தை நம்பிச் சீருடை தைப்பவருக்கும், தாராவியில் தீபாவளியை நம்பிப் பலகாரம் செய்பவருக்கும் இதே நியாயம் பொருந்தும். கடன் கேட்க வரும்போது தங்கள் தொழிலின் பருவக் கணக்கை எழுத்தில் கொண்டு வந்தால், தவணையை அதற்கேற்ப அமைப்பது கிளை அலுவலருக்கு எளிதாகும்.

செல்வோர் கவனத்திற்கு

குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் படகு உண்டா என்பதை முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். 2024 டிசம்பரில் இவ்வழியில் நேர்ந்த படகு விபத்து பல உயிர்களைப் பறித்தது; ஆகவே உயிர்காப்பு உடையை அணிந்த பின்னரே படகில் அமருங்கள். இரவில் பயணிகள் தீவில் தங்க அனுமதியில்லை. மாலைப் படகைத் தவறவிட வேண்டா. குரங்குகள் மிகுதி, உணவுப் பொட்டலத்தைக் கையில் ஏந்திச் செல்லாதிருப்பது நலம்.

சதாசிவரைத் தரிசித்து இறங்கிய பின் ஒரு மணி நேரத்தை ஊருக்கும் ஒதுக்குங்கள். இவ்வூரார் நடத்தும் கடையிலேயே பகலுணவு கொள்ளுங்கள். அங்கே நீங்கள் தரும் தொகை, அடுத்த மழைக்காலத்தைக் கடக்க ஒரு குடும்பத்திற்குக் கைம்முதலாகும்.