முதலில் கிடங்கு, பிறகு அலுவலகம்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "கரிக் கம்பெனிக்கு வாரியத்து ஜீப் வந்து போச்சே சார், தூசு மட்டும் ஏன் நிக்கலை?" என்று வடசென்னையில் பலர் கேட்பார்கள். வந்தவர் அலுவலகத்துக்குப் போனாரா, கிடங்குக்குப் போனாரா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.

அலுவலகத்தில் பார்க்க வேண்டியது குறைவு. இசைவாணை நடப்பில் இருக்கிறதா, எத்தனை டன்னுக்கு அனுமதி, எத்தனை டன் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும். மேலாளர் "முதல்ல காபி சாப்பிடுங்க சார்" என்பார். காபி வருவதற்குள் கிடங்கில் ஸ்பிரிங்க்ளர் ஓடத் தொடங்கிவிடும். அதனால் நான் நேரே கரிக் குவியலுக்கே நடப்பேன். மூன்று வேளையும் தண்ணீர் தெளித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருக்கும். குவியலோ காய்ந்து கிடக்கும். தண்ணீர் லாரி ரசீதையும் பம்பின் மின்மீட்டரையும் கேட்டால் பேச்சு மாறும்.

உள்ளே போக அவர்கள் சம்மதம் தேவையில்லை. எந்த நேரத்திலும் நுழைந்து சோதிக்கும் அதிகாரத்தை 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் 23ஆம் பிரிவில் கொடுத்திருக்கிறது.

எனக்கு முக்கியம் வடிகால்தான். மழையில் கரியைக் கழுவிக்கொண்டு வரும் கறுப்புத் தண்ணீர் தொட்டியில் வண்டல் படிந்து, தெளிந்த பிறகே வெளியேற வேண்டும். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரையாத துகள்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த நீரில் மாதிரி எடுப்பதற்கு அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு வகுத்த முறை உண்டு. ஆய்வுக்கு அனுப்பப்போகிறோம் என்று நிறுவனத்துக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் கண்முன்னே மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆய்வு முடிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தண்ணீர் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வழக்கு நிற்காது. அவசரத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பும் இளம் அதிகாரிகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தேன்.

முறையாக நிரூபித்தால் வாரியத்தின் கை நீளமானது. 33-ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம். ஆனாலும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011இல் நிறுத்த உயர் நீதிமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது. கரி அங்கிருந்து எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

உங்கள் பகுதிக் கிடங்கில் ஆய்வு நடந்ததாகக் கேள்விப்பட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆய்வறிக்கை, மாதிரி எடுத்த இடம், ஆய்வக முடிவு மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும்.