இலண்டனிலே வார்ப்புக்கு வாழ்வு! கல்லமேட்டிலே எலும்புக்குச் சாவு!

முதன்முறையாக இலண்டன் மாநகரைக் கண்டு திரும்பும் நம்மவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? தேம்ஸ் நதியின் மீது 1894-இல் திறக்கப்பட்ட கோபுரப் பாலம், அரண்மனை வாயிலிலே காவலர் மாறும் காட்சி - இவற்றைச் சொல்லி முடித்ததும், தென் கென்சிங்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர்தம் கண்கள் அகல விரிகின்றன.

அங்கே 1905-ஆம் ஆண்டு ஒரு மாபெரும் தொல்விலங்கின் உருவத்தை வைத்தார்கள். டிப்ளோடோகஸ் என்பது அதன் பெயர். நீளம் 26 மீட்டர். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதன் முன் நின்று வியந்தார்கள். ஆனால் அது எலும்பா? இல்லை! வெறும் சாந்து வார்ப்பு! மூல எலும்புகள் இருப்பதோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே!

வார்ப்புக்கே அத்தனை மதிப்பு அங்கே. இங்கே என்ன நடந்தது?

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டிலே மாபெரும் எலும்புகளைக் கண்டனர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிஞர்கள் யாதகிரியும் அய்யாசாமியும். பிருகத்காயோசாரஸ் என்று அதற்குப் பெயரிட்டு, 1980-களிலே உலகுக்கு அறிவித்தனர். நிலத்தில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்றனர் அறிஞர். அந்த எலும்புகள் எங்கே? காப்பாரற்று, மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப் பொடியாகிப் போயின! எலும்பா, கல்மரமா என்று சிலர் ஐயுற்றபோது, எடுத்துக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சியவை படங்களே!

பெரம்பலூர், அரியலூர் மண் சாதாரண மண்ணா? ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல் கொண்டிருந்த மண்! 1840-களிலேயே கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் திருச்சி, விருத்தாசலம், புதுவை வட்டாரங்களில் திரட்டிய கல்லுயிர்கள் இலண்டன் சென்றன. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பிளான்ஃபோர்ட் வகுத்த பாறைத் தொகுதிகளுள் ஒன்று இன்றும் 'அரியலூர்' என்றே உலகெங்கும் வழங்குகிறது. ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஊராருக்கு அதன் பெருமை தெரியுமா?

தெரிந்துகொள்ளும் ஆவல் இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். 2020-இல் குன்னத்திலே தொல்விலங்கின் முட்டைகள் கிடைத்தன என்று செய்தி பரவியது. முட்டையல்ல, கடலுயிர்ப் படிவம் சார்ந்த உருண்டைக் கற்கள் என்று அறிஞர் விளக்கினர். முட்டை பொய், மக்களின் ஆவல் மெய்!

அந்த ஆவலுக்கு விருந்தாகச் சாத்தனூரிலே 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. வாரணவாசியிலே அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. வரவேற்கிறோம்! ஆனால் போதுமா?

சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். தொழிலாளர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். சுரங்கத்தை மூடு என்று நாம் சொல்லவில்லை. கல்லை அரைக்குமுன் அறிந்தவர் ஒருவர் பார்க்கட்டும் என்கிறோம். கிடைப்பது சொந்த மாவட்டத்திலேயே தங்கட்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்திலேற்றி அழைத்து வந்து காட்டட்டும் என்கிறோம். இது பேராசையா?

இலண்டனுக்குச் செல்பவர் செல்லட்டும், கண்டு களிக்கட்டும். ஆனால் கல்லமேட்டிலே கரைந்தது போல் இன்னொன்று கரைந்தால், அதைக் காண எந்த நாட்டுக்குச் செல்வது?