பாரம் அறிந்து வண்டி பூட்டுதல்



ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்தையொட்டிக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்புவது, கடலூர் மாவட்டத்தார் நன்கறிந்த விழா. பேருந்துகள் வாராத காலத்தில் இத்தகைய விழாக்களுக்குச் செல்லும் குடும்பத்தார் கூண்டு வண்டி பூட்டிப் புறப்படுவது வழக்கம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். ஒரு மூலையில் கட்டுச்சோற்று மூட்டை. அச்சின்கீழ் ஆடும் லாந்தர் விளக்கு. இருட்டினால் வழியிலுள்ள தோப்பில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டிப் பொங்கி உண்டு, வண்டியிலேயே உறங்குவார்கள். வீட்டையே இழுத்துச் செல்லும் கலை நமக்குப் புதியதன்று.

அந்தக் கூண்டு வண்டியின் இக்கால வடிவமே கேம்பர் டிரெய்லர். படுக்கை, சிறிய அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பெட்டியைச் சக்கரங்களின்மேல் அமைத்துக் காரின் பின்னால் பூட்டுகிறார்கள். மேலை நாடுகளில் பரவிய இப்பழக்கத்தில் நம் நாட்டிலும் சிலர் நாட்டம் கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் செலவைக் குறைக்கும் ஹைப்ரிட் கார்களும் நம் சாலைகளில் ஓடுகின்றன. மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைப்ரிட் வகைகள் 2022ஆம் ஆண்டில் இங்கே அறிமுகமாயின. இவ்விரண்டையும் இணைக்கலாமா? இணைப்பதானால் எதைப் பார்த்துக் காரைத் தேர்வது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஹைப்ரிட் என்றால் என்னவென்று தெளிவோம். விருத்தாசலம் சந்திப்பில் பல ஆண்டுகள் டீசல் என்ஜின்கள் ரயில் வண்டிகளை இழுத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் டீசல் இயந்திரம் சக்கரத்தை நேராகச் சுழற்றவில்லை என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். டீசல் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் மோட்டார்களைச் சுழற்றும். மோட்டார்களே சக்கரத்தைச் சுழற்றும். இவ்வளவு சுற்றுவழி எதற்காக? எண்ணெயால் ஓடும் இயந்திரம் ஓரளவு வேகம் பெற்ற பிறகே வலுவைக் காட்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழுத் திருகுவிசையையும் தரவல்லது. அசையாது நிற்கும் பெரும்பாரத்தை அசைக்க இதனினும் ஏற்ற கருவி இல்லை.

இந்த ஏற்பாட்டுடன் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாட்டரி ஒன்றையும் சேர்த்தால், அதுவே ஹைப்ரிட் காரின் அடிப்படை. பெர்டினாண்ட் போர்ஷே என்னும் பொறியாளர் 1900ஆம் ஆண்டிலேயே பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் பாட்டரியும் கொண்ட கார் ஒன்றை உருவாக்கினார். எனினும், 1997ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்த பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேர்ப்பதும், புறப்படும்போது அதை எடுத்துக் கொடுப்பதும் இதன் சிறப்பு.

நின்ற இடத்திலிருந்தே மோட்டார் வலுவாக இழுக்குமாயின், டிரெய்லர் பூட்ட ஹைப்ரிட் காரே சிறந்ததன்றோ என்று நீங்கள் கேட்கலாம். சமவெளியில் புறப்படும் அளவுக்கு அது மெய்யே. மலை குறுக்கிடும்போது கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் கற்ற பௌதிகமே இதற்குப் போதும்.

ஸ்ரீமுஷ்ணத்துக் குடும்பம் ஒன்று விருத்தாசலம் வழியே சேலம் சென்று, அங்கிருந்து ஏற்காடு மலை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். காரின் எடை 1,500 கிலோ, ஆட்களும் மூட்டைகளும் 350 கிலோ, டிரெய்லர் 650 கிலோ. ஆக 2,500 கிலோ. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்றத்தை 1,200 மீட்டர் எனக் கொள்வோம். 2,500ஐ 9.8ஆலும் 1,200ஆலும் பெருக்கினால் 2 கோடியே 94 லட்சம் ஜூல் வரும். வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே இம்மலையேற்றத்துக்கு வேண்டிய ஆற்றல் எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஹைப்ரிட் காரின் பாட்டரி எவ்வளவு கொள்ளும்? தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் சாதாரண வகையில் ஒன்றிரண்டு யூனிட். சிலவற்றில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அதையும் முற்றும் வடித்துவிடாதபடி காரின் கட்டுப்பாட்டுக் கருவி தடுக்கும். மலை கேட்பதோ எட்டு. சேலத்து அடிவாரத்திலிருந்து ஏறும் இருபது கொண்டையூசி வளைவுகளில், முதற்சில வளைவுகளுக்குள் பாட்டரியின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஞ்சிய வழி முழுவதையும் பெட்ரோல் என்ஜினே சுமக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் செருகி நிரப்பும் வகையில் பத்து யூனிட்டும் அதற்கு மேலும் கொள்ளும் பாட்டரிகள் உண்டு. ஆனால் அவற்றையும் அடிவாரத்துக்கு நிறைவாகக் கொண்டு சேர்த்தால்தான் பயன்.

அப்படியானால் என்ஜின் திணறுமா? அதையும் கணக்கிடுவோம். மலையை நாற்பது நிமிடத்தில் ஏறினால், 2,400 விநாடிக்கு 2 கோடியே 94 லட்சம் ஜூல்; விநாடிக்கு ஏறத்தாழ 12,250 ஜூல். இது ஏறத்தாழ 16 குதிரைத்திறன். காற்றின் தடையும், டயர் உருளும் தடையும், செங்குத்தான இடங்களும் சேர்ந்து இதை இருமடங்காக்கினாலும் 33ஐத் தாண்டாது. நான் முன்னர்ச் சொன்ன கார்களின் பெட்ரோல் என்ஜின் மட்டுமே 90 குதிரைத்திறனுக்குக் குறையாதது. ஆகவே நிதானமாக ஏறும் வண்டிக்கு வலுவில் குறைவில்லை.

வலுவில் குறைவில்லையென்றால் கார் செய்வோர் இழுவைக்கு வரம்பு விதிப்பானேன்? விதிக்கும் வரம்புகளும் காருக்குக் கார் வேறாயிருக்கின்றன. ஐரோப்பாவில் 2009ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸுக்கு டிரெய்லர் இழுக்க அனுமதியே இல்லை. 2016ஆம் ஆண்டில் அங்கு வந்த அடுத்த தலைமுறைக்கு 725 கிலோ அனுமதித்தார்கள். 2019ஆம் ஆண்டில் அங்கு வந்த ஆர்ஏவி4 ஹைப்ரிட்டில், முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வகைக்கு 800 கிலோ. பின்சக்கரங்களுக்கெனத் தனி மோட்டார் உள்ள நாற்சக்கர வகைக்கு 1,650 கிலோ. ஒரே பெயர், ஒரே தோற்றம். ஆயினும் வரம்பு இருமடங்கு வேறுபடுகிறது. குதிரைத்திறனை மட்டும் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை அறியமாட்டார். வரம்பை விதிப்பவை வேறு மூன்று: வெப்பம், தடுக்கும் திறன், நேராக ஓடும் உறுதி.

முதலாவது வெப்பம். காலையில் ஏறிய மலையை மாலையில் இறங்க வேண்டும் அல்லவா? ஏறும்போது செலவிட்ட எட்டு யூனிட்டும் இறங்கும்போது திரும்பி வருகிறது. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாகிப் பாட்டரியை நிரப்பும், வேகமும் மட்டுப்படும். இது ஹைப்ரிட் காரின் அழகிய குணம். ஆனால் ஏறும்போது சட்டென வற்றிய சிறு பானை, இறங்கும்போது சட்டென நிரம்பியும் விடுகிறது. நிரம்பிய பாட்டரி மேலும் ஏற்காது. எஞ்சிய ஏழு யூனிட்டளவு ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றுத்தடையும் டயரும் உண்ணும். மற்றதை என்ஜினும் பிரேக்கும் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும். ஏழு யூனிட் வெப்பம் என்பது, ஏறத்தாழ 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வெப்பம் பெரிதும் பிரேக் தட்டுகளிலேயே இறங்கினால், தட்டுகளின் பிடிப்பு தளரும், பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே இறங்கும், வண்டி நில்லாது. வளைவுக்கு வளைவு பள்ளம் காத்திருக்கும் மலைப்பாதையில் இது உயிரின் மேலானது. ஆதலின் இறங்கும்போது என்ஜினே வேகத்தைத் தடுக்கும் நிலையில் கியர்த்தண்டை வைக்க வேண்டும். பல ஹைப்ரிட் கார்களில் இதற்கென ‘பி’ என்று குறித்த நிலை உண்டு. பாட்டரி நிரம்பிய பின்னும் என்ஜினைக் கொண்டு தடுக்க இது உதவும்.

இரண்டாவது தடுக்கும் திறன். தேர்த்திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரவர். எல்லாருடைய கண்ணும் அவர்கள்மேல்தான். ஆனால் சக்கரத்தருகே முட்டுக்கட்டையுடன் ஓடும் சிலர் இல்லையெனில், அத்தேர் திரும்பாது, நில்லாது, கூட்டத்திலும் புகுந்துவிடும். தேரை அசைப்பது வடம், காப்பது முட்டுக்கட்டை. டிரெய்லருக்கும் தனி முட்டுக்கட்டை வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும். நம் மலைப்பாதைக்கு அதற்குக் குறைந்த எடையிலும் பிரேக் உள்ளதைத் தேர்வதே அறிவுடைமை. வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்மடங்காகும் என்பதையும் மறவாதீர்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கமாயிருக்கும் பாரம் 80இல் வேறொரு விலங்காகிவிடும்.

மூன்றாவது நேராக ஓடும் உறுதி. முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்த பிறகே வண்டிக்காரர் புறப்படுவார். டிரெய்லருக்கும் இதுவே விதி. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அமர வேண்டும். 650 கிலோவுக்கு 65 கிலோ. அதனினும் மிகக் குறைந்தால் டிரெய்லரின் வால் ஆடும்; வேகம் ஏற ஏற ஆட்டம் பெருகிக் காரையே புரட்டிவிடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரம் இலேசாகும். ஹைப்ரிட் கார்களுள் பல முன்சக்கரத்தால் இழுப்பவை. மழை நனைத்த ஏற்றத்தில் இலேசான முன்சக்கரம் வழுக்கிச் சுழலும். கொக்கியின் மேல் அமரும் இப்பாரத்துக்கும் கார் செய்தவர்கள் வரம்பு விதித்திருப்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையை ஊகிக்கலாகாது, நிறுத்தே அறிய வேண்டும். ஐம்பது லிட்டர் தண்ணீர் ஐம்பது கிலோ. சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு. உருளையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவு. பாய், பாத்திரம், அரிசி, குழந்தைகளின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாய் ஏறி, 500 கிலோ என்று வாங்கிய டிரெய்லர் 650ஐத் தொட்டுவிடும். கரும்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடைகள் நம் வட்டாரத்தில் உண்டு; அங்கே ஒருமுறை ஏற்றி நிறுத்துவிடுவது நலம். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு தாங்காது என்னும் கருத்தைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அது வண்டி கட்டிய சமுதாயத்தின் அனுபவம்.

இனித் தேர்வு எளிதாகும். முதலில் டிரெய்லரை நிறையச் சுமை ஏற்றி நிறுத்துக்கொள்க. அடுத்து, வாங்க விரும்பும் காரின் கையேட்டைத் திறந்து இழுவை பற்றிய பக்கத்தைப் படிக்க. விற்பவரின் வாய்ச்சொல் போதாது. வேறு நாட்டில் அதே பெயருள்ள காருக்கு அனுமதித்த எடையும் இங்குள்ள காருக்குப் பொருந்துமென்று எண்ணலாகாது. டிரெய்லர் இழுக்கலாகாது என்று கையேடு கூறினால், அக்காரைப் பொறுத்தவரை ஆராய்ச்சி அங்கே முடிந்தது. கொக்கி பொருத்தித் தருவார் கிடைப்பதால் காரின் உடம்பு மாறிவிடாது. வரம்பு தந்திருந்தால், நம் டிரெய்லரின் எடை அதற்கு நன்கு உள்ளடங்கியிருக்கட்டும். பின்னர் பிரேக்கையும், முன்பாரத்தையும், காரிலேயே ஏறும் ஆட்களின் எடையையும் சரிபார்க்க. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்னும் சொல்லுள் அடக்குகிறது. ஆகவே அதற்கும் பதிவு வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிக.

நண்பர்களே, ஹைப்ரிட் கார் நல்ல கருவி. நகரச் சாலையில் எரிபொருளை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் அதன் பாட்டரி சிறு பானை என்பதையும், மலை பேரேரி என்பதையும் நீங்களே கணக்கிட்டுக் கண்டீர்கள். எவ்வளவு இழுக்கும் என்ற கேள்வி ஆசையின் கேள்வி. எவ்வளவைப் பிடித்து நிறுத்தும் என்ற கேள்வி பொறுப்பின் கேள்வி. உங்கள் வீட்டில் இத்தகைய கார் வாங்கும் பேச்சு எழுந்தால், இந்த இரண்டாம் கேள்வியை நீங்கள் எழுப்புங்கள். கூண்டு வண்டி ஓட்டிய நம் பாட்டனார், மாட்டின் திமிலைத் தட்டிப் பார்க்குமுன் வண்டியின் அச்சையும் கடையாணியையும் குனிந்து பார்த்தார். அந்தக் குனிந்து பார்க்கும் பழக்கம் நம்மிடமும் இருக்குமாயின், ஏற்காடு சென்ற குடும்பம் நலமே வீடு திரும்பும்.