கரண்ட்டுக்கும் காமர்ஸுக்கும் கனெக்‌ஷன் உண்டு!

பி.காம். படித்த என்னிடம் 'எனர்ஜி துறையா? அதெல்லாம் இன்ஜினீயர் சமாசாரம்ப்பா' என்று சொல்லாத ஆளில்லை. பாதி உண்மை!

இன்ஜினீயர்களுக்கு ராஜபாட்டைதான். 'கேட்' எழுதி பம்பாய் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. எனர்ஜி இன்ஜினீயரிங் இருக்கிறது. அனுபவம் சேர்ந்தபின் மத்திய அரசின் பி.இ.இ. நடத்தும் தேர்வு எழுதி எனர்ஜி ஆடிட்டர் ஆகலாம். ('ஆடிட்டர்' என்றதும் பி.காம். ஆசாமிகள் ஓடிவர வேண்டாம். அங்கே நம் டிகிரி செல்லாது!)

அப்போ நமக்கு?

யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் கணக்கைப் புரட்டித்தான் முடிவு செய்கிறது. நிலக்கரிச் செலவு, கடன் வட்டி, தேய்மானம்... எல்லாம் நாம் உருப்போட்ட பாடம்தான் சார்! 2014-ல் வந்த விதிகள்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மின்சார, பெட்ரோலிய கம்பெனிகளுக்கு காஸ்ட் ஆடிட் கட்டாயம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் சி.எம்.ஏ. முடித்துத் தொழில் செய்பவர். அந்தப் படிப்பை ஆபீஸ் போய்க்கொண்டே படிக்கலாம்.

எம்.பி.ஏ.தான் வேண்டுமா? டேராடூன் யு.பி.இ.எஸ்.ஸில் ஆயில் அண்ட் காஸ் பிரிவு உண்டு. ஆனால் எங்கே சேர்ந்தாலும், ஃபீஸ் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'போன பேட்ச் பி.காம். பசங்க எங்கே வேலை பார்க்கிறாங்க?'

பதிலுக்கு பிராஸ்பெக்டஸை நீட்டினால், பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்!