ஓர் அளவு பெரிதாக வாங்கிய சக்கரக் காலணி

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஒரு சனிக்கிழமை காலை. சிறிய மிதிவண்டியில் வந்த ஒரு பிள்ளைக்கு வழிவிடலாம் என்று ஓரமாகத் திரும்பினேன். என் பாதம் திரும்பியது. காலில் இருந்த சக்கரக் காலணி திரும்பவில்லை. அடுத்த நொடி இரண்டு உள்ளங்கைகளும் தரையில் இருந்தன.

எலும்பு முறியவில்லை. ஆனால், வலது மணிக்கட்டு வீங்கி, இரண்டு வாரத்திற்குப் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பகுதிநேர வேலைக்கும் போகவில்லை. பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து 60 வெள்ளிக்கு வாங்கிய காலணி அது. அந்த இரண்டு வாரத்தில் இழந்த சம்பளம் அதைவிட அதிகம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், கல்லூரி நண்பர்கள் வழுக்கிச் செல்வதைப் பார்த்துத்தான் ‘இன்லைன் ஸ்கேட்’ பழக ஆசைப்பட்டேன். சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த காலணி அது. இணையத்தில் ஒருவர் விற்ற பழைய சோடியை அம்மாவிடம் காட்டினேன். “கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும். அடுத்த வருஷம் தம்பிக்கும் ஆகும்ல?” என்றார்.

பள்ளிக் காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு வைத்துப் போட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அம்மா சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

“எனக்குக் கணுக்கால் பலவீனம்”

முதல் நாளிலிருந்தே என் கணுக்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன. பத்து நிமிடத்தில் வலி எடுக்கும். எனக்குக் கணுக்கால் பலவீனம், இந்த விளையாட்டு நமக்குச் சரிவராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

கை குணமானபின் நண்பர்களை வேடிக்கை பார்க்கப் பூங்காவுக்குப் போனபோது, அவர்களுக்குச் சொல்லித்தரும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என் கணுக்காலைப் பார்க்கவில்லை. “காலணியைக் கொண்டுவந்தியா? உள்ளே இருக்கிற மெத்தை அட்டையை வெளியே எடு. அதுமேல நில்லு” என்றார்.

நின்றேன். கட்டைவிரலை முன் விளிம்போடு ஒட்டி வைத்தபோது, குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தது.

“உன் காலுக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. வீட்டுக்குள்ள வீடு மாதிரி உன் கால் அதுக்குள்ள தனியா நடக்குது” என்று சிரித்தார்.

காலணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால், நாம் சாயும்போது பாதம் முதலில் உள்ளே நகரும். சக்கரம் தாமதமாகத்தான் அசையும். அந்த இடைவெளியைச் சமாளிக்க முயன்று முயன்று கணுக்கால் களைத்துப்போகும். புதிதாகப் பழகுவோர் பலர் தங்கள் காலைக் குறை சொல்லிக் கைவிடுவதற்கு, தளர்ந்த காலணி ஒரு முக்கியக் காரணம் என்று அந்த அக்கா விளக்கினார்.

முதலில் பாதத்தை அளந்துவிடுங்கள்

நீங்கள் வழக்கமாக அணியும் காலணியின் எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரின் அளவும் சற்று மாறுபடும். சுவரில் குதிகாலை ஒட்டி, ஒரு தாளின்மேல் எழுந்து நில்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு, சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் அளந்து, நீளமானதைக் கணக்கில் எடுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரம் அளப்பது நல்லது. என் பாதம் 24 சென்டிமீட்டர். நான் வாங்கியிருந்ததோ 26 சென்டிமீட்டர் பாதத்திற்கானது!

கடையில் போட்டுப் பார்க்கும்போது, குதிகாலை நன்றாகப் பின்னால் தட்டி உட்கார வைத்து, பிறகு பட்டையை இறுக்குங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்கவேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. ஸ்கேட் அணிந்தால் எப்போதும் முழங்காலை மடக்கித்தான் நிற்போம் என்பதால், மடக்கிப் பார்ப்பதே சரியான சோதனை.

உடனே கழற்றிவிடாமல் 15 நிமிடம் அப்படியே இருங்கள். புதுக் காலணி கொஞ்சம் இறுக்கமாக இருப்பது இயல்பு. உள்ளே இருக்கும் மெத்தை நாளடைவில் அமுங்கி இடம் கொடுக்கும். ஆனால், ஓர் இடத்தில் மட்டும் ஊசி குத்துவதுபோல் வலித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ அது உங்களுக்கான காலணி அல்ல.

சக்கரத்தில் இருக்கும் எண்கள்

நான் வாங்கும்போது கவனித்ததெல்லாம் சக்கரத்தின் நிறத்தைத்தான். அதில் அச்சிட்டிருந்த எண்களைப் படிக்கவே இல்லை. ‘80 மி.மீ., 82ஏ’ என்று இருந்தால், முதல் எண் சக்கரத்தின் விட்டம். இரண்டாவது அதன் கடினத்தன்மை. இரண்டாவது எண் கூடக்கூட சக்கரம் கடினமாகும்.

பெரிய சக்கரம் வேகமாகப் போகும். தரையில் உள்ள சிறு பிளவுகளையும் எளிதில் கடக்கும். ஆனால், அது நம்மைத் தரையிலிருந்து உயர்த்திவிடுவதால் புதியவர்களுக்குத் தடுமாற்றம் அதிகம். பெரியவர்கள் 72 முதல் 80 மில்லிமீட்டர் வரையுள்ள நான்கு சக்கரங்களோடு தொடங்குவது வசதி. 110 மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று சக்கரக் காலணி பார்க்க அழகாக இருக்கும். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேரிங்கில் ‘ஏபெக் 7’, ‘ஏபெக் 9’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பேரிங் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் எண். உங்கள் வேகத்தைக் குறிப்பது அல்ல. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பேரிங்கையும் சக்கரத்தையும் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். பாதத்திற்குப் பொருந்தாத காலணியை மாற்ற, புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

பிரேக்கைக் கழற்றாதீர்கள்

1760களில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற கண்டுபிடிப்பாளர், தாமே செய்த சக்கரக் காலணியை அணிந்து, வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் நுழைந்தாராம். நிறுத்தத் தெரியாமல் விலைமதிப்புள்ள ஒரு பெரிய கண்ணாடியில் மோதி, கண்ணாடியும் வயலினும் உடைந்தன என்று சொல்லப்படுகிறது.

அவர் நிலை நமக்கு வேண்டாம். தொடக்கநிலைக் காலணிகளில் பெரும்பாலும் வலது குதிகாலுக்குப் பின்னால் ஓர் இரப்பர் பிரேக் இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, நுனியைத் தூக்கி, குதிகாலை அழுத்தினால் வேகம் குறையும். பிரேக் இல்லாமல் இருப்பதுதான் ‘ஸ்டைல்’ என்று யாராவது சொன்னால், வேறு வழியில் நிற்கப் பழகும்வரை காதில் வாங்காதீர்கள்.

தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கவசங்கள் ஆகியவற்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். விழும்போது கை தானாகவே முன்னால் போகும். அதைத் தடுக்க முடியாது. மணிக்கட்டுக் கவசம் இல்லாமல் போனதன் விலை எனக்குத் தெரியும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால், நேரில் போய்ப் பாருங்கள். அலமாரியில் நெடுநாள் கிடந்த காலணியின் அடிப்பாகம் நம் ஊர் ஈரப்பதத்தில் பிய்ந்து கையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேட்டின் சக்கரத்திற்கும் மேலுறைக்கும்கூட அது நேரலாம். சக்கரத்தில் வெடிப்பு இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறதா, பட்டைகள் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். மெத்தை அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பார்க்க மறக்காதீர்கள்.

மூன்று மாதம் சேமித்து, கடையில் போட்டுப் பார்த்து, புதிய சோடி ஒன்று வாங்கினேன். முதல் நாள் புல்தரையில் நின்று பழகினேன். கணுக்கால் சாயவில்லை. அம்மாவின் எண்ணமும் முழுக்கத் தவறில்லை. வளரும் பிள்ளைகளுக்கென்றே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்கேட்டுகள் இருக்கின்றன. தம்பிக்கு அம்மா அதைத்தான் வாங்கித் தந்தார்.

பழைய சோடியை விற்க இணையத்தில் பதிவு எழுதியபோது கை கொஞ்சம் தயங்கியது. எனக்கு விற்றவர் எழுதியதைப்போல ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று எழுதினால் 60 வெள்ளி திரும்பக் கிடைத்துவிடும். ‘26 சென்டிமீட்டர் பாதத்திற்கு மட்டும். வலது சக்கரங்கள் தேய்ந்துள்ளன. பாதத்தை அளந்துவிட்டு அழைக்கவும்’ என்று எழுதினேன்.

35 வெள்ளிக்குத்தான் போனது. வாங்க வந்த மாணவர் மெத்தை அட்டைமேல் நின்று பார்த்தார். சரியாக இருந்தது.