இருதய நோயும் குருதிச் சிறுதட்டு எதிர் மருந்துகளும்: ஸலீம் யூஸுஃபின் ஆய்வுகள் உணர்த்துவன

மருத்துவ வரலாற்றில் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அல்-ராஸி (கி.பி. 865–925) பெறும் இடம், அவர் எழுதிய நூல்களின் தொகையினால் மட்டும் அமைந்ததன்று. மூளையுறை அழற்சியின் அறிகுறிகள் தென்பட்ட நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வெளியேற்றும் சிகிச்சையை அளித்ததாகவும், மறு சாராருக்கு அதனை வேண்டுமென்றே அளிக்காது விட்டதாகவும், இவ்வாறு ஒப்புநோக்கித் தெளிவானதொரு முடிவுக்கு வர விரும்பியதாகவும் அவர் பதிவு செய்துள்ளார். அவர் அன்று சோதித்த சிகிச்சையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், அச்சோதனைக்குப் பின்னாலிருந்த வினா இன்றும் பழைமையடையவில்லை. மருந்துண்டவர் குணமடைந்தார் என்பதனால் மட்டும் அம்மருந்தே அவரைக் குணப்படுத்தியது எனக் கூறலாகுமா? அதனை உண்ணாதவரின் நிலை யாதெனத் தெரியாதவரை அக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை.

இவ்வினாவை இருதய நோய்த் துறையில் உலகளாவிய முறையில் எழுப்பி விடை கண்டோருள் வைத்தியர் ஸலீம் யூஸுஃப் முதன்மையானவர். 1952 இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த இவர், பெங்களூரில் மருத்துவம் பயின்று, 1976 இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். பின்னர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களில் பணியாற்றி, 1992 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். உலக இருதய சம்மேளனத்தின் தலைவராகவும் இவர் விளங்கினார். இவரது ஆய்வுகள் பல துறைகளைத் தழுவியவை. அவற்றுள் குருதிச் சிறுதட்டுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் பற்றியவற்றை மையமாகக் கொண்டு சில உண்மைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாரடைப்பு நிகழும் விதம்

இருதயம் தன் அறைகளில் நிரம்பும் குருதியிலிருந்து நேரடியாக ஊட்டம் பெறுவதில்லை. தன் தசையினூடே பரந்து செல்லும் குழாய்களின் வழியாகவே ஊட்டம் பெறுகின்றது. ஹிஜ்ரி 687 இல் (கி.பி. 1288) கெய்ரோவில் மறைந்த இப்னுன் நஃபீஸ் இக்கருத்தை முன்வைத்துள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. முடியுரு நாடிகள் என இன்று வழங்கப்படும் அக்குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிகின்றது. ஒருநாள் அப்படிவின் மேலுறை கிழிகின்றது. உடல் அதனை ஒரு காயமாகவே கொள்கின்றது.

காயத்தை அடைப்பதே குருதிச் சிறுதட்டுக்களின் பணி. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் இவை ஏறத்தாழ 150,000 முதல் 450,000 வரை உள்ளன. கையில் கத்தி பட்டால் நம்மைக் காப்பவை இவையே. எனினும், நாடியின் உட்புறத்தில் இவை ஒன்றுதிரளுமாயின் குருதிக்கட்டி உருவாகி வழி அடைபடுகின்றது. இருதயத் தசையின் ஒரு பகுதி இறக்கின்றது. காக்கும் ஆற்றலே இடம் மாறியபோது அழிக்கும் ஆற்றலாகின்றது.

திரளும் சிறுதட்டுக்கள் துரொம்பொக்சேன் என்னும் பொருளைச் சுரந்து ஏனையவற்றையும் அழைக்கின்றன. அதனை ஆக்குவதற்குத் தேவையான நொதியத்தை அஸ்பிரின் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றது. சிறுதட்டுக்குக் கரு இல்லை. எனவே இழந்த நொதியத்தை அதனால் மீளவும் ஆக்கிக்கொள்ள முடியாது. அதன் வாழ்நாளோ 7 முதல் 10 நாட்கள் வரையே. நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் வரையான சிற்றளவு போதுமாவதும், நாள்தோறும் அதனை உட்கொள்ள வேண்டியிருப்பதும் இதனாலேயே. குளோபிடோக்ரெல் என்னும் மருந்து வேறொரு வழியால் இதே நோக்கத்தை நிறைவேற்றுகின்றது. சிறுதட்டின் மேற்பரப்பில் உள்ள மற்றொரு வாயிலை அது அடைத்துவிடுகின்றது.

பல்லாயிரவரை எண்ணிக் கண்ட உண்மை

மருந்தின் செயற்பாடு விளங்கியதனால் மட்டும் அதன் பயன் நிறுவப்பட்டதாகாது. 1984 இல் ஸலீம் யூஸுஃப், றோரி கொலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுரை இதனைத் தெளிவாக எடுத்துரைத்தது. பரவலான நோய்களில் ஒரு சிகிச்சை மரணத்தைச் சிறிதளவு குறைத்தாலும் அதனால் காக்கப்படும் உயிர்கள் பலவாகும். ஆனால், அச்சிறு பயனைச் சில நூறு நோயாளரைக் கொண்டு அறிய இயலாது. தற்செயல் அதனை மறைத்துவிடும். ஆகவே, செய்முறையில் எளிமையும், எண்ணிக்கையில் பெருமையும் கொண்ட எழுமாற்று ஆய்வுகள் வேண்டும் என்பதே அவர்களது வாதம்.

ஒக்ஸ்போர்டை மையமாகக் கொண்டு நடைபெற்ற, மாரடைப்பில் உயிர்தப்புதல் பற்றிய சர்வதேச ஆய்வுத்தொடர் இச்சிந்தனையின் விளைவாகும். அதன் தொடக்ககால அமைப்பில் ஸலீம் யூஸுஃபுக்கு முக்கிய பங்குண்டு. 1988 இல் வெளியான அதன் இரண்டாம் ஆய்வில் 16 நாடுகளின் 417 வைத்தியசாலைகளிலிருந்து 17,187 நோயாளர் சேர்க்கப்பட்டனர். மாரடைப்பின் ஆரம்ப மணித்தியாலங்களில் ஒரு சாராருக்கு அஸ்பிரினும் மறு சாராருக்குப் போலி மாத்திரையும் வழங்கப்பட்டன. ஐந்து வாரங்களில் இருதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் போலி மாத்திரை பெற்றவருள் 11.8 வீதம், அஸ்பிரின் பெற்றவருள் 9.4 வீதம். அதாவது, ஆயிரம் பேருக்கு 24 உயிர்கள். எந்த ஒரு வைத்தியரும் தம் நோயாளரிடையே இவ்வேறுபாட்டைக் கண்ணாற் கண்டிருக்க முடியாது. எண்ணியபோதே அது புலப்பட்டது.

பயனும் தீங்கும் ஒரே தராசில்

2001 இல் ஸலீம் யூஸுஃபின் தலைமையில் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. நிலையற்ற நெஞ்சுவலிக்கும், அதனோடொத்த வகை மாரடைப்புக்கும் உள்ளான 12,562 பேர் 28 நாடுகளிலிருந்து அதிற் பங்குகொண்டனர். அனைவரும் அஸ்பிரின் பெற்றனர். ஒரு சாரார் குளோபிடோக்ரெலையும் சேர்த்துப் பெற்றனர். இருதய மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தோர் 11.4 வீதத்திலிருந்து 9.3 வீதமாகக் குறைந்தனர். ஆயின், பாரிய குருதிப்பெருக்கு 2.7 வீதத்திலிருந்து 3.7 வீதமாக உயர்ந்தது. ஆயிரம் பேருள் 21 பேர் பயனடைய, 10 பேர் குருதிப்பெருக்குக்கு உள்ளாயினர்.

இவ்விரு எண்களும் அருகருகே வைத்து நோக்கற்பாலன. மாரடைப்புக்கு உள்ளானவருக்குத் தராசு பயனின் பக்கம் சாய்கின்றது. நோயே இல்லாத முதியவருக்கோ அது மறுபக்கம் சாயக்கூடும். பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, இருதய நோயற்ற 19,114 பேரிடம் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடாத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், அஸ்பிரின் இருதய நோயைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. பாரிய குருதிப்பெருக்கையே அதிகரித்தது. எனவே, "இருதயத்துக்கு நல்லது" எனக் கேள்வியுற்றுத் தாமாகவே அஸ்பிரின் உட்கொள்வோரும், மாரடைப்புக்குப் பின் "இப்போது சுகமாயிருக்கிறேன்" என்று தாமாகவே அதனை நிறுத்துவோரும் ஒரே தவற்றையே இருவேறு திசைகளில் புரிகின்றனர். குறிப்பாக, ஸ்டென்ட் எனப்படும் நுண்வலைக் குழாய் பொருத்தப்பட்டோர் ஆரம்ப மாதங்களில் இம்மருந்துகளை வைத்தியரைக் கேளாது நிறுத்துவது உயிராபத்தை விளைவிக்கலாம்.

மருந்து உண்டு, சென்றடையவில்லை

ஆய்வின் பயன் நூலகத்தோடு நின்றுவிடலாகாது என்பதை ஸலீம் யூஸுஃபின் பிற்காலப் பணிகள் காட்டுகின்றன. 17 நாடுகளின் 628 சமூகங்களில் அவர் தலைமையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011 இல் வெளியாயின. ஏற்கெனவே இருதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ உள்ளானோருள் சிறுதட்டு எதிர் மருந்தைப் பெறுவோர் செல்வந்த நாடுகளில் 62 வீதம். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், சிம்பாப்வே ஆகியன அடங்கிய வறிய நாடுகளின் பிரிவிலோ 8.8 வீதம் மட்டுமே. அஸ்பிரின் உலகின் மிக மலிவான மருந்துகளுள் ஒன்று. ஆகவே, தடை மருந்தின் விலையில் மட்டும் இல்லை. தொடர்ச்சியான வைத்திய கவனிப்பு இன்மையிலும் அறியாமையிலும் உள்ளது.

இத்தடை நம் பிராந்தியத்துக்கு இரட்டிப்புச் சுமையாகும். 52 நாடுகளை உள்ளடக்கிய அவரது மற்றோர் ஆய்வில் இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளும் இடம்பெற்றன. முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59 ஆக இருக்க, தெற்காசியரிடையே அது 53 என 2007 இல் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் சுமையைத் தாங்கும் வயதிலேயே தந்தையர் வீழ்கின்றனர் என்பதே இதன் பொருள். புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு முதலான, அளவிடவும் மாற்றவும் கூடிய ஒன்பது காரணிகளே பெரும்பாலான மாரடைப்புக்களுக்குப் பொறுப்பு என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். மாத்திரை இவற்றுக்கு ஈடாகாது, துணையே ஆகும்.

சிகிச்சை தேடுமாறு நபிகளார் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். மருந்தை நாடுதல் அல்லாஹ்வின் மீதான தவக்குலுக்கு முரணானதன்று என்பதே அறிஞர் பெருமக்களின் விளக்கம். உடல் ஓர் அமானிதம். ரமழானில் நோன்பைக் காரணங்காட்டி இம்மருந்துகளை விட்டுவிடுவோர் நம்மிடையே உளர். நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையை இஃப்தாருக்குப் பின் உட்கொள்ள இயலும். நேர மாற்றத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிந்தால் போதும். அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானோர் நோன்பு நோற்கலாமா என்பதையும் அவரே கூற வேண்டும். நோயாளிக்கு அல்குர்ஆன் வழங்கிய சலுகை, வெட்கத்துடன் மறைக்க வேண்டிய பலவீனமன்று. ஏற்க வேண்டிய அருளாகும்.

ஆயிரம் பேருள் 24 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆயினும், அந்த இருபத்து நால்வரும் யாரென எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அல்-ராஸி தொடங்கி வைத்த வினாவுக்குப் பல்லாயிரம் நோயாளர் தம்மையே ஒப்படைத்துப் பெற்றுத் தந்த விடை அது. அவ்விடையைப் பேணி, வைத்தியரின் வழிகாட்டலுடன் நாள்தோறும் நிறைவேற்றுதல் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியுமாகும்.