ஒரே உரிமை, மூன்று வழிகள்
நெய்யாற்றின்கரை வட்டாரம் கண்ட போராட்டம்

நாகர்கோவிலிலிருந்து காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரத்திற்கு வேலைக்கு வரும் தமிழர்கள் பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே வருவது வழக்கம். இவ்வூர்களைச் சுற்றி நடந்த ஒரு பெரிய போராட்டத்தின் கதையை அறிந்தவர்கள் அவர்களில் சிலரே.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பொதுச் சாலையில் நடக்கவும், பள்ளியில் உட்காரவும், கோயிலில் கும்பிடவும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை இல்லாதிருந்த காலம் அது. உரிமை வேண்டும் என்பதில் தலைவர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கவில்லை. அதை எப்படிப் பெறுவது என்பதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சென்றனர்.

மனு வழி

டாக்டர் பல்ப்பு மருத்துவப் படிப்பில் தேறியவர். ஈழவர் என்பதால் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணியாற்றினார். 1896-ல் 13,176 பேரின் கையெழுத்துடன் மகாராஜாவுக்கு மனு கொடுக்கப்பட முன்னின்றவர் அவரே. கோரிக்கை ஏற்கப்படவில்லை. மனு போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதைக் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அமைதி வழி

ஸ்ரீநாராயண குரு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1888 சிவராத்திரியன்று நெய்யாற்றின்கரைக்கு அருகில் உள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். மூடிய கோயில் கதவைத் தட்டாமல், புதிய கோயிலையே திறந்துவிட்டார். சண்டை இல்லை, கோஷம் இல்லை. 1903-ல் அவரைத் தலைவராகக் கொண்டு எஸ்.என்.டி.பி. யோகம் தோன்றியது. குரு தமிழ் நன்கு அறிந்தவர், குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவம் செய்தவர் என்பது தமிழர்களுக்குப் பெருமை தருவதாகும்.

சாலை வழி

வெங்ஙானூரில் 1863-ல் பிறந்த அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1893-ல் அவர் ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். தமிழ் நெசவாளர்கள் குடியேறிய பாலராமபுரத்தில், சாலியர் தெருவில் அவரது ஆட்கள் நடந்து சென்றபோது பெரும் மோதல் மூண்டது.

1907-ல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர் மக்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பசியில் வாடிய அவர்களுக்கு விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்து உதவினார்கள் என்று சொல்லப்படுகிறது. பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. 2022-ல் அதே பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது.

எது சரி?

குருவின் பின்னால் நின்றவர்களில் நிலம் உடையவர்களும், வைத்தியர்களும், வியாபாரிகளும் இருந்தனர். கோயிலும் பள்ளியும் கட்ட அவர்களால் முடிந்தது. அய்யன்காளியின் மக்களிடம் இருந்ததோ உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்பை நிறுத்துவதே அவர்களுடைய ஆயுதம். அவரவர் கையில் இருந்ததைக் கொண்டே அவரவர் வழி அமைந்தது.

இவ்வழிகள் ஒன்றோடொன்று பகைத்துக்கொள்ளவும் இல்லை. சாலையில் மோதிய அய்யன்காளியே 1912-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் எழுந்து, தம் மக்களுக்காக அரசிடம் கோரிக்கை வைத்தார். அமைதியே உருவான குரு, 1924-ல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகத்திற்கு ஆதரவளித்தார். அப்போராட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியார் ஈ.வெ.ரா. சிறை சென்றார். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானபோது, அதில் எல்லோருடைய உழைப்பும் இருந்தது.

1937-ல் காந்திஜி வெங்ஙானூருக்கு வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். சாலைக்காக அடிபட்டவர் கடைசியில் கேட்டதும் படிப்பையே.

இன்று அதே சாலையில் யாரும் யாரையும் கேளாமல் நடக்கிறார்கள். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்திருக்கும் தமிழர்கள், நெய்யாற்றின்கரையில் இறங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அருவிப்புறத்தையும் வெங்ஙானூரையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.